மட்டாஞ்சேரியின் ஈயக்குண்டுகள்: முத்திரையில்லாத உலோகத்துக்குப் பெயரிடுதல்

மட்டாஞ்சேரியில் 'டச்சு அரண்மனை' என வழங்கும் கட்டடத்தை டச்சுக்காரர் கட்டவில்லை. 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்டனர். பெயர் அவர்களுடையதாக நிலைத்துவிட்டது. ஊரறிந்த அரண்மனைக்கே இந்நிலை. அப்பகுதி மண்ணில் கிடைக்கக்கூடிய, எழுத்தோ முத்திரையோ இல்லாத ஓர் ஈயக்குண்டுக்கு 'டச்சுக் குண்டு, 1663' என்று சீட்டு ஒட்டுவது அதைவிட எளிது. அச்சீட்டு சரியா என்று சோதிப்பதுதான் கடினம்.

டச்சுக்காரர் என்னும் ஊகம் அடிப்படையற்றதன்று. கொழும்பை 1656லும் யாழ்ப்பாணத்தை 1658லும் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1662இன் தொடக்கத்தில் ரைக்லாஃப் வான் கூன்ஸ் தலைமையில் கொச்சியைத் தாக்கியது. மட்டாஞ்சேரி அரண்மனையைச் சுற்றிக் கடும்போர் நடந்தது. அரச குடும்பத்து இளவரசர்கள் மாண்டனர். ராணி கங்காதர லட்சுமி சிறைபிடிக்கப்பட்டார். ஆயினும் கோட்டை விழவில்லை. டச்சுப் படை பின்வாங்கியதும், அவர்களுக்கு ஆதரவு காட்டியதற்காக யூதர் தெருவைப் போர்த்துக்கீசியர் சூறையாடினர். 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடமும் தப்பவில்லை. 1663 ஜனவரியில்தான் கோட்டை சரணடைந்தது. ஆக, ஓராண்டுக்குள் அதே நிலத்தில் டச்சுக்காரர், போர்த்துக்கீசியர், உள்ளூர்ப் படையினர் என மூன்று தரப்பும் சுட்டிருக்கின்றன. மூவர் கையிலும் இருந்தது ஈயம்.

குண்டைச் சோதிக்கும் முதற்கருவி தராசு. 1599இன் நெதர்லாந்துப் படை விதி, ஒரு பவுண்டு ஈயத்துக்கு மஸ்கட் குண்டு 12 என்றும், அதனினும் சிறிய கைத்துப்பாக்கிக் குண்டு 24 என்றும் வகுத்தது. ஆம்ஸ்டர்டாம் பவுண்டு சுமார் 494 கிராம். எனவே முதலாவது ஏறத்தாழ 41 கிராம், 19 மி.மீ. விட்டம், இரண்டாவது 20.6 கிராம், 15 மி.மீ. பின்னாளில் ஆங்கிலேயர் கொணர்ந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் 19 மி.மீ. அகலமாயினும், அதில் இட்ட குண்டு சுமார் 17.5 மி.மீ., 32 கிராம். கரிமருந்துப் புகைக்கசடு படிந்த குழலுள் குண்டு விரைவாக இறங்க வேண்டுமென்றே இந்த இடைவெளி விடப்பட்டது. குழலளவையே குண்டின் அளவாகக் கொள்வது ஆய்வேடுகளிலும் காணப்படும் பிழை. சுவரில் மோதித் தட்டையான குண்டாயினும் கவலையில்லை: எடை பெரிதும் குறைவதில்லை, அதன் கனமூலத்திலிருந்து பழைய விட்டத்தைக் கணித்துவிடலாம். அமெரிக்காவின் மான்மத் போர்க்களத்தில் டேனியல் சிவிலிச் இம்முறையைத்தான் பயன்படுத்தினார்.

ஆனால் 15 மி.மீ. குண்டு ஒன்று கிடைத்தால்? டச்சுச் சிறுதுப்பாக்கியுடையதாகலாம், குதிரைப்படைக் குறுந்துப்பாக்கியுடையதாகலாம், ஒரே அளவுக்குக் கட்டுப்படாத உள்நாட்டுத் திரித்துப்பாக்கியுடையதாகவும் இருக்கலாம். இங்கே அளவு வாயடைத்துப்போகிறது; மேற்பரப்பு பேசத் தொடங்குகிறது. வார்ப்பச்சின் இரு பாதிகள் பொருந்திய விளிம்புக்கோடு, ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய தழும்பு, இடிகம்பி பதித்த வளையம் ஆகியவை குண்டின் வாழ்க்கைக் குறிப்புகள். பற்குறி பதிந்த குண்டைக் கண்டதும் வலி தாங்காமல் படைவீரன் கடித்ததாகக் கதை சொல்வார்கள். பல களங்களில் அப்பற்கள் பன்றியுடையவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரிவால்வர் குண்டுகளுக்கு வரும்போது சிக்கல் வேறுவிதமாகிறது. தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் தொழிற்சாலை முத்திரை உண்டு. கிர்கி தொழிற்சாலையின் 'கே.எஃப்.' இந்திய ஆய்வாளர்களுக்குப் பழக்கமானது. கூட்டைவிட்டுப் பிரிந்த குண்டு பெரும்பாலும் ஊமை. .450 ஆடம்ஸ், .455 வெப்லி ஆகிய இரண்டின் குண்டும் சுமார் 11.5 மி.மீ. தடிப்பே. ஆனால் முன்னது 225 கிரெயின், அதாவது 14.6 கிராம்; பின்னது வழக்கமாக 265 கிரெயின், 17.2 கிராம். விட்டம் மறைத்ததைத் தராசு காட்டிக்கொடுக்கிறது. இவற்றுக்கு முந்திய, மருந்தையும் குண்டையும் தனித்தனியே அறையில் திணிக்கும் கோல்ட் ரிவால்வரின் 9.5 மி.மீ. உருண்டை சுமார் 5 கிராம். வேட்டைச் சிதறுகுண்டிலும் இதே பருமன் உண்டு. ஆயினும் ரிவால்வர் அறை அதைவிடச் சற்றுக் குறுகலானது. திணிக்கும்போது ஈயம் வளையமாகச் சீவப்பட்டு, உருண்டையின் இடுப்பில் தட்டையான பட்டையொன்று விழும். அந்தப் பட்டை இருந்தால் அது ரிவால்வரில் ஏறிய குண்டு எனலாம். தோட்டாவைக் கையாலேயே மீண்டும் நிறைப்பது பொழுதுபோக்காக உள்ள நாடுகளில், பழங்குண்டின் அடையாளத்தைத் தவறாகக் கணித்தால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். 1959இன் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கும் நம் நாட்டில், அத்தவறு வரலாற்றைத்தான் காயப்படுத்துகிறது.

வேதியியல் இதைத் தீர்த்துவைக்கும் என்று நம்புவோர் உண்டு. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்தைச் சுட்டும், சுட்டவனைச் சுட்டாது. ஈயம் எளிதில் உருகும். எதிரி சுட்ட குண்டு பொறுக்கப்பட்டு மறுநாள் இவன் அச்சில் ஏறும். பல ஊர் ஈயம் ஒரே கரண்டியில் கலந்தபின் விகிதமும் குழம்பிவிடும். மீனவர் வாழும் காயற்கரையில் இன்னொரு வழியும் உண்டு: வீச்சுவலையின் விளிம்புக்கு வேண்டியதும் ஈயமே. துளையிட்ட ஓர் உருண்டையைப் போர்ச்சான்றாக எண்ணுமுன், அது வலையிலிருந்து உதிர்ந்த மணியா என்று கேட்பது நலம்.

எஞ்சுவது கிடைத்த இடம். கொச்சியில் அதுவும் கலைந்திருக்கிறது. 1795இல் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1806இல் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். பின்னர் ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகப் பணியில், 1920களிலும் 30களிலும் காயலடியைத் தோண்டிய சேற்றைக் கொட்டியே வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி உருவாயிற்று. மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் அத்தீவின் கொட்டிய மண்ணில் நாளை ஒருவர் 19 மி.மீ. ஈயக்குண்டைக் கண்டெடுத்தால், அது அங்கே சுடப்பட்டதன்று என்பதை மட்டும் உறுதியாக எழுதலாம். 1663இல் அங்கே தண்ணீர்தான் இருந்தது.