பேனாவுக்குள் சூடம்

சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவங்களைக் கேட்டா இன்னொண்ணும் சொல்லுவாங்க: பேனா நிப்பு. பால்பாயிண்ட் பேனா வந்து எல்லாத்தையும் ஓரங்கட்டுறதுக்கு முன்னாடி, நிப்பு செய்யும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் இது. நிப்பின் கதையைத் தனியா எழுதணும். இங்கே நான் சொல்ல வந்தது அந்த நிப்பைச் செருகின பேனாவின் உடம்பைப் பற்றி.

அந்தக் காலத்து மைப் பேனா எபோனைட்டில் இருக்கும், இல்லாவிட்டால் செல்லுலாய்டில். பளிங்குக் கோடு ஓடுற பழைய செல்லுலாய்டு பேனா கிடைத்தால் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. லேசா சூடம் மணக்கும். வாசனைக்காகப் போட்டதில்லை. சூடம் இல்லாவிட்டால் அந்தப் பேனாவே இல்லை.

பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறப்போட்டால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். 1846-இல் ஷோன்பைன் இதை அறிவித்தார். நைட்ரஜன் அதிகம் ஏறினால் வெடிபஞ்சு, கொஞ்சம் குறைந்தால் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள். ஆனால் தனியாக வைத்தால் வறண்டு நொறுங்கும். இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862 லண்டன் கண்காட்சியில் இதிலிருந்து செய்த பொருட்களை வைத்தார். அவை நாளாவட்டத்தில் சுருங்கிக் கோணிக்கொண்டன. தந்தத்துக்குப் பதிலாக பில்லியர்ட்ஸ் பந்து செய்ய ஏதாவது கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு என்ற விளம்பரத்தைப் பார்த்து இறங்கிய அமெரிக்க அச்சுத் தொழிலாளி ஜான் வெஸ்லி ஹயட்தான் சரியான வழியைப் பிடித்தார். நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்தார். 1870-இல் காப்புரிமை.

நடந்தது என்ன? சிக்கு விழுந்த தலைமுடியில் எண்ணெய் தடவினால் இழைகள் வழுக்கிப் பிரியும் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். செல்லுலோஸின் நீளச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். நடுவில் கற்பூர மூலக்கூறு புகுந்ததும் பிடி தளரும், சூட்டில் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். இந்த வேலையைச் செய்யும் பொருளுக்கு பிளாஸ்டிசைசர் என்று பேர். தமிழில் நெகிழ்வூட்டி. செல்லுலாய்டில் சுமார் கால் பங்கு கற்பூரம். தொழிலில் பெரிய அளவில் ஜெயித்த முதல் பிளாஸ்டிசைசர் நம்ம சூடத் தட்டில் எரியும் அதே பொருள்.

இதில்தான் சிக்கலும் இருக்கு. கற்பூரம் அந்தச் சங்கிலியோடு வேதியியல் பிணைப்பில் இல்லை, குடக்கூலிக்கு இருக்குது அவ்வளவுதான். திறந்து வைத்த சூடம் கரைந்து போகாமலிருக்க டப்பாவில் நாலு மிளகு போடுவாங்களே (அது எந்த அளவுக்கு வேலை செய்யும்ங்கிறது வேற விஷயம்), அதே ஆவியாகும் குணம் பிளாஸ்டிக்குக்குள் போன பிறகும் மாறுவதில்லை.

முதலில் மாட்டியவர் ஆல்பிரட் நோபல். 1887-இல் அவர் உருவாக்கிய பாலிஸ்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தில் நூற்றுக்குப் பத்து கற்பூரம் இருந்தது. கற்பூரம் பறக்கப் பறக்க மருந்தின் குணம் மாறும், துப்பாக்கிக்கு அது ஆகாது. 1889-இல் ஆபெல், திவார் இருவரும் கற்பூரத்தை விட்டுவிட்டு வாசலின் சேர்த்து கார்டைட் செய்தார்கள். நோபல் வழக்குப் போட்டார், தோற்றார். அந்தக் கார்டைட்டுக்காகத்தான் 1900-களின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை எழுந்தது.

இன்னொரு பக்கம் சினிமா. 1889-இலிருந்து ஈஸ்ட்மன் விற்ற படச்சுருளும் கற்பூரம் சேர்த்த இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். கற்பூரம் வெளியேறினால் சுருள் சுருங்கும், முறியும். அதைவிட மோசம், நைட்ரோசெல்லுலோஸே மெல்லச் சிதைந்து அமில வாயுவைக் கக்கும். அந்த வாயு சிதைவை இன்னும் வேகப்படுத்தும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எங்க ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீக்குச்சி மருந்தில் குளோரேட்டும் பட்டாசில் வெடியுப்பும் ஆக்சிஜன் கொடுப்பதை அறிந்தவர்கள். செல்லுலாய்டில் அந்த ஆக்சிஜன் எரியும் மூலக்கூறிலேயே ஒட்டியிருக்கு. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்', முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இரண்டுமே இன்று இல்லை. எல்லாப் பழியையும் ரசாயனத்தின் மேல் போட முடியாது, அலட்சியத்துக்கும் பங்குண்டு. பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தில் 2003 ஜனவரியில் பிடித்த தீயிலும் நைட்ரேட் சுருள்கள் போயின.

கோயிலுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கு. ஜப்பான் 1895-இல் தைவானைப் பிடித்து, 1899-இல் அங்கே கற்பூரத்தை அரசு ஏகபோகமாக்கியது. செல்லுலாய்டுக்காரர்கள் அந்த மரத்தையே நம்பியிருக்க முடியாத நிலை. 1903-இல் பின்லாந்தின் கொம்ப்பா ஆய்வகத்தில் கற்பூரத்தை முழுசாக உருவாக்கிக் காட்டினார். பைன் மர டர்பன்டைனிலிருந்து செய்யும் முறைகள் ஆலைகளுக்கு வந்தன. இன்னிக்குக் கடையில் வாங்குற வில்லைச் சூடம் பெரும்பாலும் அந்த டர்பன்டைன் வழியில் வந்ததுதான். சீப்புக்கும் பொம்மைக்கும் படச்சுருளுக்கும் தேவை இல்லாமலிருந்தால் சூடம் இவ்வளவு மலிவாகியிருக்குமா? எனக்கு சந்தேகம்தான். (பச்சைக் கற்பூரம் என்பது பழையபடி சுமத்ரா, போர்னியோ மரத்திலிருந்து வந்த போர்னியோல், அது வேறு பொருள். அதற்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே உண்டு.)

கோடாக் 1951-இல் நைட்ரேட் சுருளை நிறுத்தியது. மற்ற இடங்களில் டைபியூட்டைல் தாலேட் மாதிரி எளிதில் ஆவியாகாத எண்ணெய்கள் கற்பூரத்தின் இடத்தைப் பிடித்தன. கடைசி வரை தாக்குப்பிடித்தது டேபிள் டென்னிஸ் பந்து. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் சரத் கமல் தங்கம் அடித்தது செல்லுலாய்டு பந்தில்தான்; 2014-க்குப் பிறகே வேறு பிளாஸ்டிக் வந்தது.

வீட்டில் தாத்தாவோட செல்லுலாய்டு பேனா இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீங்க, உள்ளே தேங்கும் வாயு அதையும் பக்கத்துப் பேனாவையும் சேர்த்துக் கெடுக்கும். நிழலான, காற்றோட்டமான இடம் நல்லது. சூடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகத்தான் செய்யும், அதுக்கு வழியில்லை. செல்லுலாய்டுதானா என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்து மட்டும் சோதிக்க வேண்டாம். வெந்நீரில் கையை நனைத்துத் தேய்த்தாலே மணம் காட்டிக்கொடுத்துவிடும்.