ஆயிரத்தெட்டுக் கழஞ்சு மாலை

கண்ணகியின் கதை தெரியாத தமிழர் இருக்க மாட்டார்கள். எந்தக் கண்ணகி என்று கேட்டால்தான் பதில் ஆளுக்கு ஆள் மாறும். புணேயின் கராடியில், ஐ.டி. வேலைக்காக வந்து குடியேறிய தமிழர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் சொல்வது 'பூம்புகார்' படத்தின் கதை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் சொல்வதோ கூத்திலும் நாடகத்திலும் பார்த்த கோவலன் கதை. இளங்கோவடிகள் எழுதியது இரண்டுக்கும் சற்று எட்டத்தில் நிற்கிறது.

எவ்வளவு எட்டம் என்பதை ஒரு மாலையை வைத்தே சொல்லிவிடலாம். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றம் முடிந்ததும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையுள்ள மாலையோடு ஒரு கூனி, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் உலாவும் தெருவில் வந்து நிற்கிறாள். மாலையை வாங்குபவன் மாதவியை அடையலாம். கோவலன் வாங்குகிறான். தெரிந்து, விலை கொடுத்து, தன் காலாலேயே நடந்து மாதவி வீட்டுக்குப் போகிறான். நாட்டுப்புறக் கதையில் இதே மாலை பறந்து வந்து அவன் கழுத்தில் விழுகிறது, கழற்றினாலும் கழலமாட்டேன் என்கிறது. வாங்கியவன் மாட்டிக்கொண்டவனாகி விட்டான், பழியெல்லாம் மாதவி தலையில் விழுந்தது. இது கோவலனுக்குக் காட்டிய கருணை, மாதவிக்குச் செய்த அநியாயம்.

கதை கடல் தாண்டியது மிகப் பழைய செய்தி. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் கண்ணகிக்குச் சிலை எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் வந்திருந்தான் என்கிறது காப்பியம். அவனை 2ஆம் நூற்றாண்டின் கஜபாகு என்று கொண்டுதான் வரலாற்றாசிரியர்கள் சங்க காலத்துக்கே ஆண்டு கணித்தார்கள். சிங்களவருக்கு அவள் பத்தினித் தெய்வம். கண்டி பெரஹெராவில் ஊர்வலம் போகும் நான்கு தேவாலயங்களில் ஒன்று அவளுடையது. அங்கே அவள் பிறப்பே வேறு. பாண்டியன் தோட்டத்தில் ஒரு மாங்கனி. கிழவன் வேடத்தில் வந்த இந்திரன் அதை அம்பெய்து வீழ்த்துகிறான். கனியின் சாறு பட்டுப் பாண்டியனின் மூன்றாவது கண் மறைந்துவிடுகிறது. அந்தக் கனிக்குள் இருந்தவள்தான் பத்தினி.

மட்டக்களப்பில் அவளுக்காகக் கொம்பு விளையாட்டு நடந்தது. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று, ஒன்று முறியும்வரை இழுக்கும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. சமணச் செட்டிப் பெண்ணைச் சைவர்கள் கும்பிடுவதா என்று ஆறுமுக நாவலர் கண்டித்தார். அங்கே கண்ணகி கோயில்கள் பல, காலப்போக்கில் வேறு அம்மன்களின் பெயருக்கு மாறின. பெயர் போனாலும் கும்பிடுகிறவர்கள் போகவில்லை.

மேற்கே, திருவனந்தபுரத்தின் ஆற்றுக்கால் கோயிலில் திருவிழா நாட்களில் கண்ணகி கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். பாட்டு பாண்டியன் வதைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பொங்கல் அடுப்பில் தீ மூட்டுவார்கள். லட்சக்கணக்கான பெண்கள், தெருத்தெருவாகச் செங்கல் அடுப்பு வைத்து, அந்தக் கட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தபோது மக்களிடம் கோவலன் கதை ஏற்கெனவே இருந்தது. புகழேந்திப் புலவர் பெயரைப் போட்டு, பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சகக்காரர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். நாடக மேடை எடுத்துக்கொண்டதும் இந்தக் கதையைத்தான். அந்த மேடைக்கு மராட்டிய மண்ணோடு உறவு உண்டு. 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே தொடங்கிய மராட்டி நாடகம் கம்பெனி கம்பெனியாகப் பெருகியது. தெற்கே வந்த மராட்டிக் குழுக்களைப் பார்த்துத் தஞ்சை மராட்டியரான கோவிந்தசாமி ராவ் மனமோகன நாடகக் கம்பெனியைத் தொடங்கித் தமிழில் நாடகம் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமல் நமக்கு நாடகமே வளர்ந்திருக்காது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்' நாடகம், சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளின் கையில் ஊர் ஊராகப் போனது.

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1929இலேயே ஒரு மௌனப் படம், 1930களில் பேசும் 'கோவலன்'. பிறகு 1942இல் ஜூபிடர் பிக்சர்ஸின் 'கண்ணகி'. தலைப்பிலிருந்து கோவலன் இறங்கிக்கொண்டது சின்ன விஷயமில்லை. கோவலனாக நடித்த பி.யு. சின்னப்பா பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். கண்ணகியாக நடித்த கண்ணாம்பா தெலுங்குக்காரர். வசனம் எழுதிய இளங்கோவன் 'மணிக்கொடி' இதழில் எழுதியவர். மூன்று திசையிலிருந்து வந்த மூவர் சேர்ந்து, பாட்டை நம்பியிருந்த தமிழ்ப் படத்தில் வசனத்தை உட்கார்ந்து கேட்க வைத்தார்கள்.

1964இல் மு. கருணாநிதியின் வசனத்தோடு 'பூம்புகார்' வந்தது. சமணத் துறவி கவுந்தியடிகளாக கே.பி. சுந்தராம்பாள். எழுதியவர் நாத்திகர், பாடுபவர் முருக பக்தை. கோவலன் கொலையுண்டபின் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரியை அவர் பாட மறுக்க, தெய்வம் வந்துவிட்டது என்று வரி மாறியதாகத் திரையுலகில் சொல்வார்கள். அதே 1964இல்தான் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது. கராடியிலிருந்து நகரைக் கடந்து மேற்கே போனால் லா காலேஜ் ரோட்டில் இருக்கிறது. பழைய தமிழ்ப் படங்களில் அக்கறை உள்ளவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய இடம்.

மாலையை மாற்றினார்கள், பிறப்பை மாற்றினார்கள், மதத்தை மாற்றினார்கள். அரசவையில் கண்ணகி சிலம்பை உடைக்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாரும் விட்டுவிடத் துணியவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் உண்மை தெரிந்துவிடும். மட்டக்களப்புக் கோயில்களில் படிக்கும் நூலுக்கே 'கண்ணகி வழக்குரை' என்றுதான் பெயர். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வைத்த சிலையும் சிலம்பு ஏந்திய கண்ணகிதான். அந்தச் சிலையை 2001இல் எடுத்தபோது எழுந்த கொந்தளிப்பும், 2006இல் அது திரும்பி வந்ததும் அண்மைக் கதை.

2016இல் சுனில் ஆரியரத்ன சிங்களத்தில் 'பத்தினி' எடுத்தார். கண்ணகியாக நடித்தவர் 'நான் கடவுள்' படத்தில் கண் தெரியாத பிச்சைக்காரியாக நம்மை உலுக்கிய பூஜா உமாசங்கர். 1942இல் ஒரு தெலுங்குக்காரர், 2016இல் சிங்களத் தாய்க்குப் பிறந்தவர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் மாதவியை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.