கையைப் போலச் செய்தல்

பாங்க் கவுண்டரில் நான் கற்ற முதல் பாடம் விநோதமானது. செக்கில் உள்ள கையெழுத்து கார்டில் உள்ள மாதிரிக் கையெழுத்தை ஒத்திருக்க வேண்டும். ஆனால் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். கை ஒருபோதும் தன்னையே நகலெடுப்பதில்லை. இரண்டு கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றாயிருந்தால், ஒன்று மற்றதன் மேல் வைத்து வரையப்பட்டது.

மின்னஞ்சல்களின் அடியில் பெயர்கள் சாய்ந்து, சுழித்து, மையால் எழுதியவை போல நிற்பதைப் பார்க்கையில் இந்தப் பாடம் நினைவுக்கு வருகிறது. போன வாரக் கடிதத்திலும் இதே சுழிதான்.

இந்த ஆசை கணிப்பொறியோடு பிறந்ததல்ல. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் வர்ஜிலை அச்சிட்டார். அறிஞர்களும் அலுவலக எழுத்தர்களும் எழுதிய கைதான் அதற்கு மூலம். என்றாலும் ஆல்டஸின் நோக்கம் கையடக்கமான புத்தகம். கையென்று நம்பவைப்பது அல்ல.

அந்தப் பிடிவாதம் ராபர்ட் கிரான்ஜோனுடையது. 1557இல் லியோன் நகரில், பிரெஞ்சுக்காரர்கள் அன்றாடம் எழுதிய விரைவெழுத்தை அவர் ஈயத்தில் வார்த்தார். இத்தாலியர்களுக்குச் சாய்வெழுத்து போலப் பிரெஞ்சுக்கு இது என்பது அவர் கனவு. அரசர் இரண்டாம் ஹென்றி பத்தாண்டு உரிமையும் கொடுத்தார். கை ஒரே எழுத்தை ஒரே மாதிரி எழுதாது என்பது கிரான்ஜோனுக்குத் தெரிந்திருந்தது. எனவே ஒரே எழுத்துக்குச் சொல்லின் நடுவில் ஒரு வடிவம், முடிவில் வேறொன்று. சேர்ந்து வரும் எழுத்துகளுக்குத் தனி வார்ப்பு. அச்சுக்கோப்பவனின் பாட்டை நினைத்துப் பார்க்கலாம். கடைசியில், சிறுவர்க்கான நன்னடத்தை நூல்கள் அதில் அச்சானதால் 'சிவிலிதே' என்ற பெயரே நிலைத்தது. தேசத்தின் எழுத்தாக நினைத்தது, பிள்ளைகள் பார்த்துப் பழகும் எழுத்தாயிற்று.

பின் வந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். ரோஜே எக்ஸ்கோஃபோன் 1953இல் தன் கையெழுத்தை ஒட்டி 'மிஸ்ட்ரல்' செய்தார். எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டு ஓடுகின்றன. 1998இல் வெளிவந்த 'ஸாப்ஃபினோ'வில் ஹெர்மன் ஸாப்ஃப் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்தார். கிரான்ஜோன் ஈயத்தில் பட்ட சிரமம்தான்.

மின்னஞ்சலுக்கு இந்தச் சிரமமெல்லாம் இல்லை. பெறுபவரின் கணிப்பொறியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. உருகி எழுதிய பெயர் ரயில்வே அறிவிப்பு போல விறைத்து நிற்கும். சட்டம் ஏற்கும் மின்கையொப்பமோ முழுக்கக் கணக்கு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தந்தது. அதற்குச் சுழியும் கிடையாது, சாய்வும் கிடையாது.

எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவர் ஒருவருக்குக் கை நடுக்கம். அவர் கையெழுத்து மாதத்துக்கு மாதம் கார்டிலிருந்து விலகிப் போகிறது. எதிரில் ஆள் நிற்கிறார்; கையெழுத்து அவரில்லை என்கிறது. கைநாட்டு வைக்கலாம் என்றேன். முகம் சுருங்கியது. நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். பிறகு செல்போனை நீட்டினார். அவர் பெயரில் மகன் அனுப்பும் மின்னஞ்சல். அடியில் அவர் பெயர், அழகான சுழிகளோடு.

"இதை ஒட்டிக்க முடியாதா, சார்?" என்றார்.