மின்கட்டணமும் உழவர் அரசியலும்: சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறு

மேட்டூர் வாய்க்கால் எட்டும் சங்ககிரி, குமாரபாளையம் பகுதிகளையும், காவிரியின் இராஜவாய்க்கால் பாயும் மோகனூர், பரமத்திவேலூர் வட்டாரங்களையும் விலக்கிவிட்டால், சேலம், நாமக்கல் சமவெளியின் வேளாண்மை பெரும்பாலும் கிணற்றை நம்பியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அக்கிணற்று நீரை மேலேற்றியது கவலை. அதாவது, சரிவான பாதையில் எருதுகள் முன்னும் பின்னும் நடக்க, வடக்கயிற்றில் கட்டிய தோல்சால் நீரை முகந்து வாய்க்காலில் கொட்டும் இறவை முறை. எருது, ஆள், தீவனம் ஆகிய மூன்றும் பண்ணையத்துக்குள்ளேயே இருந்தமையால், மழை பொய்த்த ஆண்டில் உழவர் பட்ட துன்பம் கொடியதாயினும், நீர் இறைத்ததற்காக அவர் வெளியார் எவருக்கும் கடன்படவில்லை. 1937இல் மேட்டூரில் நீர்மின் உற்பத்தி தொடங்கி, விடுதலைக்குப் பின் மின்கம்பிகள் ஊர்ப்புறங்களுக்குள் நீண்டபோது இந்நிலை மாறியது. மோட்டார் தந்த கூடுதல் நீரால் கரும்பும் மஞ்சளும் பருத்தியும் விளைந்தன; அவற்றோடு, கிணற்றை ஆழப்படுத்தவும் மோட்டார் பொருத்தவும் வாங்கிய கடனும், விளைச்சல் எப்படியிருப்பினும் செலுத்தியாக வேண்டிய மின்கட்டணமும் வந்து சேர்ந்தன.

விற்கும் பொருளின் விலையைச் சந்தை முடிவு செய்ய, இன்றியமையாத தேவை ஒன்றின் விலையை ஒரே ஒரு நிறுவனம் முடிவு செய்யும் இந்த இக்கட்டு, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க உழவர்களைச் சூழ்ந்ததோடு நெருங்கிய ஒற்றுமை உடையது. உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே பருத்தி, கோதுமை விலைகள் தொடர்ந்து சரிந்தன. அவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ரயில் பாதையோ பல வட்டாரங்களில் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. கன்சாஸில் மக்காச்சோளத்தைச் சந்தைக்கு அனுப்புவதைவிட அடுப்பில் எரிப்பதே மேல் என்றிருந்த ஆண்டுகளும் உண்டு. 1870களில் டெக்சாஸில் தோன்றிய உழவர் கூட்டணி முதலில் கட்சி அரசியலிலிருந்து விலகி நின்று, கூட்டுறவுக் கொள்முதலையும் விற்பனையையும் முயன்று பார்த்தது. வங்கிகளின் கடனுதவி கிடைக்காமல் அம்முயற்சிகள் முறிந்த பின்னரே அது அரசியலை நாடியது. 1892இல் ஒமாகா நகரில் கூடிய மக்கள் கட்சி மாநாடு, வெள்ளி நாணயத்தைத் தடையின்றி அச்சிட வேண்டும், வருமானவரி விதிக்க வேண்டும் என்பவற்றோடு, ரயில்வேயை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்றும் கோரியது. அவ்வாண்டின் தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

அமெரிக்க உழவர் வேண்டியதும் சேலத்து உழவர் எதிர்த்ததும் வெவ்வேறு திசைகளில் அமைந்தன என்பது இந்த ஒப்பீட்டில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தனியார் கையிலிருந்த ரயிலை அரசின் கைக்கு மாற்றினால் கட்டணம் நியாயமாகும் என்று ஒமாகாவில் கூடியோர் நம்பினர். சேலத்திலோ மின்சாரம் ஏற்கெனவே அரசு வாரியத்தின் கையில் இருந்தது. எனவே கட்டணத்தில் ஏறிய ஒவ்வொரு பைசாவும் ஆளும் கட்சி எடுத்த முடிவாகவே உழவருக்குத் தோன்றியது. இடையில் கம்பெனி என எதுவும் இல்லாமையால், அவர்களுடைய சினம் நேரே கோட்டையை நோக்கித் திரும்பியது. பொதுத்துறை உடைமை பூசலைத் தணிக்கவில்லை, அதை அரசியலாக்கியது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

1970இல் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டபோது, கோவை வட்டாரத்தில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் உழவர் மூவர் மாண்டனர். அதன்பின் கட்டணம் 9 பைசாவாகக் குறைந்தது. 1972இல் மீண்டும் கட்டணம் உயர்ந்தபோது, நகரங்களுக்குப் பாலும் காய்கறியும் அனுப்புவதை உழவர்கள் நிறுத்தினர்; கோவைத் தெருக்களை மாட்டுவண்டிகள் நிறைத்தன. இக்கிளர்ச்சி சேலம் மாவட்டத்துக்கும் பரவியது. அவ்வாண்டு ஜூலை 5 அன்று நடந்த முழு அடைப்பின்போது, ஆத்தூரை அடுத்த பெத்தநாயக்கன்பாளையத்தில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் உழவர்கள் உயிரிழந்தனர். ஜூலை 5 இன்றும் உழவர் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. பைசாக் கணக்கில் தொடங்கிய ஒரு வழக்குக்கு உயிர்களை விலையாகப் பெற்ற அரசின் செயலை எந்த நிதிக் காரணத்தாலும் நியாயப்படுத்த இயலாது.

கட்சி சாராத சங்கமாக வளர்ந்த இவ்வியக்கம், விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை, கடன் தள்ளுபடி, ஜப்தி நிறுத்தம் எனக் கோரிக்கைகளை விரித்துக்கொண்டு, 1982இல் தனிக்கட்சியாகவும் உருவெடுத்தது. 1984 டிசம்பர் 21 அன்று, தேர்தல் பரப்புரைக்காகச் சென்றிருந்த கோவில்பட்டியில் நாயுடு காலமானார். சங்கத்துக்குத் திரண்ட கூட்டம் கட்சிக்கு வாக்காக மாறவில்லை. சங்கத்தில் ஒன்றாக நின்ற உழவர், வாக்குச்சாவடியில் தத்தம் கட்சிக்கும் சாதிக்கும் திரும்பினர். அமெரிக்காவிலும் 1896இல் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே தன் வேட்பாளராக ஏற்ற மக்கள் கட்சி, அவர் தோற்ற பின் கரைந்துபோயிற்று. ஆயினும் அக்கட்சி கேட்ட வருமானவரியும் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913இல் அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் 1984இல் சிறு உழவர்களுக்கும், 1990இல் அனைத்து உழவர்களுக்கும் வேளாண் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது.

இரண்டு இயக்கங்களும் தமக்கு அருகிலேயே இருந்தவர்களை வெளியே நிறுத்தின. தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கூட்டணி கறுப்பின உழவர்களைச் சேர்க்க மறுத்தமையால் அவர்கள் 1886இல் தனிக் கூட்டணி அமைத்தனர். 1891இல் பருத்தி பறிப்போர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளைக் கூட்டணியின் தலைவர் லியோனிடாஸ் போல்க் அதை எதிர்த்தார். சேலம், நாமக்கல் சமவெளியிலும் சங்கத்தின் கோரிக்கைகள் பட்டாவும் கிணறும் மோட்டாரும் உடையவரின் கோரிக்கைகளாகவே இருந்தன. அதே வயல்களில் கூலிக்கு உழைத்த, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த நிலமற்றோருக்கு, 1990இன் அரசாணை ஒரு பைசாகூடக் குறைத்துத் தரவில்லை. மின்கட்டண ரசீதே அவர்கள் பெயரில் இருந்ததில்லை.