சுங்கக் கல்லில் ஒருத்தி

கி.பி. 137இல் பால்மைரா நகரத்து மன்றம் ஒரு தீர்மானம் செய்தது. பல சரக்குகளுக்கு எவ்வளவு சுங்கம் என்பது அதுவரை வெறும் வழக்கமாகவே இருந்துவந்ததால், வியாபாரிகளுக்கும் வசூல்காரர்களுக்கும் தகராறு ஓயவில்லை. இனி எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவைப்பது என்பது தீர்மானம். கிரேக்கத்திலும் அவ்வூர் அராமிய மொழியிலும் வெட்டிய அந்தக் கல் இன்று செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் இருக்கிறது. அடிமைகள், ஒட்டகச் சுமைகள், ஆட்டுத்தோல் பைகளில் வரும் எண்ணெய், உப்பு, தோல் என்று போகிற பட்டியலில் வேசிகளும் வருகிறார்கள். ஒரு தினாரியமோ அதற்கு மேலோ வாங்குகிறவள் ஒரு தினாரியம் செலுத்த வேண்டும். எட்டு ஆஸ் வாங்குகிறவள் எட்டு ஆஸ். ஆறு வாங்குகிறவள் ஆறு.

மொழிபெயர்ப்பில் இந்த மூன்று விதிகளைப் படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்துவது, அவற்றில் இருக்கும் ஒரு மயக்கம். அவள் கேட்கும் விலையே வரியின் அளவு. ஆனால் உச்சவரம்பு ஒரு தினாரியம். அதிகம் வாங்குகிறவள் அதோடு தப்பிவிடுகிறாள், ஆறு ஆஸ்காரி தன் முழு விலையையும் கொடுத்துவிடுகிறாள். இதுவாவது எந்தக் காலத்து வரிக்கும் பொது. மயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது: மற்றச் சரக்குகளுக்குச் சுங்கம் கட்டுகிறவன் வேறு, சரக்கு வேறு. இங்கே இரண்டும் ஒருத்தியே. அவளை வியாபாரியாக எண்ணினார்களா, சரக்காக எண்ணினார்களா? கல் இதற்குப் பதில் சொல்லவில்லை. பிற்கால ராஜ்யங்களும் சட்டங்களும் இந்தக் கேள்வியைத் தீர்க்காமலேயே வசூலை மட்டும் நடத்தி வந்தன என்றே எனக்குப் படுகிறது.

பால்மைராவுக்கு முன்பே, கி.பி. 90இல், எகிப்தில் நைல் கரையிலிருந்து செங்கடலுக்குப் போகும் பாலைச் சாலைக்குக் கோப்டஸில் ஒரு கட்டணப் பட்டியல் வெட்டப்பட்டது. கப்பல் வேலைக்காரன் 5 திராக்மா, கைவினைஞன் 8, படைவீரரின் பெண்கள் 20. தொழிலுக்குப் போகும் பெண் 108. அந்தச் சாலைகள் போய்ச் சேர்ந்த துறைமுகங்களில்தான் தமிழ்ப் பிராமி கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. முசிறியின் மிளகு ஏறிப்போனதும் அவ்வழியேதான். நம் உரையாசிரியர்கள் பரத்தையை இற்பரத்தை, சேரிப்பரத்தை, காதற்பரத்தை என்று வகைபிரித்துத் தந்திருக்கிறார்கள். அவள் யாருக்கு என்ன செலுத்தினாள் என்ற கேள்வி இலக்கணத்துக்குள் வரவில்லை. ஆனால் அர்த்தசாஸ்திரம் அதைச் சொல்கிறது: உருவால் பிழைப்பவள் மாதந்தோறும் தன் கட்டணத்தில் இரு மடங்கைத் தர வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டபின் மறுத்தால் அபராதமும் உண்டு. மறுக்கும் உரிமைக்கு அங்கே விலை போட்டாயிற்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வரி கட்டினால் பாதுகாப்பு கிடைக்கும் என்பது மற்றத் தொழிலாளிகளின் அனுபவம். இங்கே ரசீது எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ஏதென்ஸில் இந்த வரியை மன்றம் ஆண்டுதோறும் குத்தகைக்கு விட்டது. கி.மு. 346–345இல் எஸ்கினஸ், திமார்கஸ் என்ற அரசியல்வாதி இளமையில் உடலை விற்றவன் என்று வழக்காடினான். நிரூபணமானால் சபையில் பேசும் உரிமை போய்விடும். அவன் அப்படிப்பட்டவனென்றால் வரிக் குத்தகைக்காரர்களுக்குத் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு வாதிடும் என எஸ்கினஸே முன்கூட்டிச் சொல்கிறான். அதாவது, வரிக் கணக்கில் பெயர் இருப்பதே குடியுரிமைக்கு எதிரான சாட்சியம். ரோமில் காலிகுலா போட்ட வரியோ தொழிலை விட்டவர்களையும் விடவில்லை. கல்யாணம் செய்துகொண்டாலும் விலக்கில்லை என்கிறார் ஸ்வெடோனியஸ். கி.பி. 439இல் ஃப்ளோரன்டியஸ் என்ற உயர் அதிகாரி கான்ஸ்டான்டிநோபிளில் தரகர்களின் வரியை ஒழிக்கச் சொன்னபோது, கஜானாவுக்கு நேரும் நஷ்டத்தைத் தன் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஒழுக்கத்துக்கும் ஒருவர் விலை கொடுத்தால்தான் அரசு அதை ஏற்றுக்கொள்ளும் போலிருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி லண்டனில் ஒரு பெண்ணின் வழக்கு இருக்கிறது. வருமானவரி இலாகா அவள் செய்வதை வியாபாரம் என்றது. வியாபாரமென்றால் மற்ற வியாபாரிகளைப்போல ஒரு கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ளலாமே என்று கணக்கர்கள் யோசனை சொன்னார்கள். பதிவாளர் சில பெயர்களை மறுத்து, கடைசியில் ஒரு பெயரை ஏற்றுப் பதிவும் செய்தார். அட்டர்னி ஜெனரல் நீதிமன்றம் போனார். ஒழுக்கக்கேடான நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது, ஆகவே கம்பெனியும் செல்லாது என்று 1980இல் பதிவு ரத்தாயிற்று. பத்து வருஷம் கழித்து, 1990இல், வரிப் பாக்கி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: இது வியாபாரம்தான், வரி கட்டவேண்டும். வாடிக்கையாளன் ஏமாற்றினால் அவளால் வழக்குப் போட முடியாது. அவன் கொடுத்துவிட்டால் அரசுக்குப் பங்கு உண்டு. சட்டப்படி இதில் முரண்பாடில்லை என்று வக்கீல்கள் விளக்குவார்கள். சட்டவிரோதம் என்பதற்காக லாபத்துக்கு வரிவிலக்குத் தந்தால் யோக்கியமாகச் சம்பாதிப்பவன் நஷ்டப்படுவான் என்பது நியாயம்தான். ஆனால் கடமையில் வியாபாரி, உரிமையில் யாருமில்லை என்ற நிலையை அந்த நியாயம் தொடவேயில்லை.

இங்கிலாந்தும் இந்தியாவும் 1956ஆம் வருஷத்திலேயே, இவ்வருமானத்தில் வாழ்பவரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றின. இங்கிலாந்தின் அந்தப் பிரிவு 2003 சட்டத்தோடு போயிற்று. நம்முடைய நான்காம் பிரிவு நிற்கிறது: 18 வயது தாண்டிய எவரும் தெரிந்தே அதில் வாழ்ந்தால் குற்றவாளி. தாயின் சம்பாத்தியத்தில் படிக்கும் மகனும் இந்த வாசகத்துக்குள் அகப்படுவான். கஜானா அகப்படாது.

ஜெர்மனியில் 2002இல் வந்த சட்டம் அவள் கூலியை வழக்காடி வாங்கக்கூடிய கடனாக்கியது. 2011இல் பான் நகரம் தெருவில் ஒரு சீட்டு இயந்திரத்தை நட்டது. இரவுக்கு 6 யூரோ, ஆள் வந்தாலும் வராவிட்டாலும். வண்டி நிறுத்தும் கட்டணத்தின் ஜாதி அது. உரிமை கொடுத்த தேசத்திலும் வசூல்காரனின் கை பழைய கைதான்.

நியூஸிலாந்தின் 2003ஆம் வருஷச் சட்டத்தில் இரண்டு விதிகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, இந்த ஒப்பந்தம் செல்லும். இரண்டு, ஒப்புக்கொண்ட பிறகும் எந்த நிமிஷத்திலும் அவள் மறுக்கலாம். பால்மைராக் கல் சொல்லாமல் விட்டதற்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் எங்கும் காணவில்லை. மறுக்க முடியாதது சரக்கு.