கடற்கரையில் கேட்கப்பட்ட நான்கு வினாக்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கல்வெஸ்டன் என்றொரு தீவு நகரம் உண்டு. 1900 ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்த நகரம் என்ற வகையிலேயே அதனைப் பலர் அறிவர். அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சருமநோய் ஆய்வாளர்கள் சிலர், வெயில் காய்வதற்காகக் கடற்கரைக்கு வந்திருந்த 145 பேரை அணுகி ஒரு வினாக்கொத்தை நிரப்பச் செய்தனர். அதில் நான்கு வினாக்கள் முக்கியமானவை. வெயில் காய்வதைக் குறைக்க வேண்டும் என்று எண்ணியும் தொடர்கிறீர்களா? வெயில் காயாதே என்று பிறர் சொன்னால் எரிச்சல் வருகிறதா? அளவுக்கு மிஞ்சி வெயில் காய்கிறோம் என்ற குற்றவுணர்வு உண்டா? காலையில் கண் விழித்ததும் வெயில் காய வேண்டும் என்று தோன்றுகிறதா?

இரண்டு வினாக்களுக்கு 'ஆம்' என்று பதிலளித்தவர், வெயிலுக்கு அடிமையானவராக இருக்கக்கூடும் என்று கொள்ளப்பட்டார். அவ்வாறு அகப்பட்டோர் 26 சதவீதம். அதே மனிதரிடம், அதே மணலில், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் போதைப்பொருட் சார்புக்கென வகுக்கப்பட்ட ஏழு அளவுகோல்களைச் சற்றே திருத்திப் பிரயோகித்தபோது அகப்பட்டோர் 53 சதவீதம். இம்முடிவுகள் 2005 இல் 'ஆர்க்கைவ்ஸ் ஒஃப் டேர்மட்டோலஜி' என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியாகின. இவ்விரு எண்களில் எது செய்தித் தலைப்புக்கு ஏறும் என்பதை எமது தொழிலில் இருப்போருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று தொட்டு என்னை உறுத்தி வந்தது இந்த இடைவெளிதான். காய்ச்சலை அளக்க இரண்டு வெப்பமானிகளை வைத்து, ஒன்று காட்டுவதைப் போல் இருமடங்கை மற்றையது காட்டினால், நாம் நோயாளியைப் பற்றிப் பேசமாட்டோம். வெப்பமானிகளைப் பற்றியே பேசுவோம்.

முதலில் அந்த நான்கு வினாக்களின் பிறப்பைப் பார்ப்போம். அவை வெயிலுக்காக எழுதப்பட்டவை அல்ல. மதுவுக்காக எழுதப்பட்டவை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மது அடிமைத்தனம் பற்றி ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜோன் யூவிங், 1968 அளவில் தமது வைத்தியசாலை அனுபவத்திலிருந்து அவற்றைத் திரட்டினார். நான்கு வினாக்களின் முக்கிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோர்த்தால் 'கேஜ்' என வரும்; கூண்டு என்று பொருள். 1984 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் இதுபற்றி எழுதிய பின்னர் உலகெங்கும் மருத்துவர்கள் இதனைக் கையாளத் தொடங்கினர். ஒரு நிமிடத்துக்குள் கேட்டுமுடிக்கலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

மதுவுக்குப் பொருந்தியது வெயிலுக்கும் பொருந்துமா? காலையில் எழுந்ததும் மதுவைத் தேடுபவர் பெரும்பாலும் கைநடுக்கத்தைத் தணிப்பதற்காகவே தேடுகிறார். இரவு முழுவதும் மதுவின்றி இருந்த உடல் அவரை உந்துகிறது. விடுமுறையில் கடற்கரைக்கு வந்த ஒருவர் காலையில் எழுந்து வெயிலை நினைப்பது அவ்வாறானதா? வேறெதனை நினைப்பார்? குற்றவுணர்வு பற்றிய வினாவும் அவ்வாறே. வெயிலால் சருமப் புற்றுநோய் வரும் என்று மருத்துவரும் பத்திரிகையும் ஓயாது எச்சரிக்கும் சமூகத்தில், வருடத்தில் இரண்டு நாள் வெயில் காய்பவருக்கும் சிறு குற்றவுணர்வு எழும். அது அடிமைத்தனத்தின் அளவு அன்று. எச்சரிக்கை எவ்வளவு தூரம் சென்று சேர்ந்தது என்பதன் அளவு. மற்றைய ஏழு அளவுகோல்களில் ஒன்று, அதே பலனைப் பெற மேலும் மேலும் தேவைப்படுதல். போதைப்பொருளில் இது மூளையில் நிகழும் மாற்றம். வெயிலிலோ சருமம் கறுக்கக் கறுக்க அதிலுள்ள மெலனின் கதிர்களைத் தடுக்கிறது. ஆகவே கூடுதல் நேரம் கிடக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் தாளில் ஒரே 'ஆம்' ஆகவே பதிவாகும்.

இதற்காக அந்த ஆய்வாளர்களை நான் குறைகூறவில்லை. தமது கிளினிக்குக்கு வந்தவர்களில் சிலர், புற்றுநோய்க் கட்டியை வெட்டியெடுத்த பின்னரும் வெயிலுக்குத் திரும்புவதைச் சருமநோய் மருத்துவர்கள் கண்டிருந்தனர். அறியாமை என்று அதற்குப் பெயரிட முடியாது. வேறு பெயர் தேவைப்பட்டது.

வெள்ளையர் பணம் கொடுத்துச் சருமத்தைக் கறுக்கச் செய்வது, மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்று அச்சிட்டுப் பழகிய எமக்கு விநோதமாகத் தோன்றலாம். ஐரோப்பாவிலும் ஒருகாலத்தில் வெளிறிய தோலே உயர்குடியின் அடையாளம். வயலில் உழைப்பவனே கறுத்தவன். இந்த நிலை மாறியதற்குப் பிரெஞ்சு ஆடையலங்கார நிபுணர் கோகோ சனெல், 1923 இல் உல்லாசப் படகில் பயணம் செய்து கறுத்த மேனியுடன் வந்திறங்கியதே காரணம் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. கதை அழகானது, ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மருத்துவர்கள் பாதையை வெட்டி வைத்திருந்தார்கள் என்பதே உண்மை. பரோ தீவுகளிற் பிறந்த நீல்ஸ் பின்சன், சருமக் காசநோயை ஒளியால் குணப்படுத்தியமைக்காக 1903 இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் லேசன் மலைக்கிராமத்தில் ஒகுஸ்ற் ரொலியே காசநோயாளருக்கான சூரியச் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். நோயாளியின் தோல் நன்கு கறுப்பதை அவர் குணமடைதலின் அறிகுறியாகவே கொண்டார். கறுத்த தோல் என்றால் ஆரோக்கியம் என்ற எண்ணம் நாகரிக உலகுக்கு வந்தது மருத்துவமனை வழியாகத்தான். 1928 இல் பிரித்தானியாவில் பின்ட்லே என்ற ஆய்வாளர் புறஊதா விளக்கின் கீழ் வைத்த எலிகளின் சருமத்தில் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். கேட்பாரில்லை. 1970 களில் ஜேர்மனியரான பிரீட்ரிக் வோல்ப் புறஊதாக் குழல் விளக்குகள் பொருத்திய படுக்கையை வணிகமாக்கினார். 1978 இல் அது அமெரிக்காவுக்குச் சென்றது. 'சன்பெட்' என்றும் அவுஸ்திரேலியாவில் 'சொலாரியம்' என்றும் அழைக்கப்படுவது இதுவே. வெயில் பருவம் பார்த்து வரும். விளக்குப் படுக்கை வருடம் முழுவதும் தெருமுனையில் இருக்கும். அடிமைத்தனம் என்ற ஐயம் வலுத்தது அதன் பின்னர்தான்.

அழகுக்காகச் செய்கிறார்களா, உடலின் உந்துதலால் செய்கிறார்களா என்பதைப் பிரித்தறியாத வரை எந்த அளவுகோலும் பயன் தராது. இதனைப் பிரித்தறிய மிக எளிமையான, என் மதிப்பீட்டில் மிக நேர்த்தியான பரிசோதனை 2004 இல் வட கரோலினாவின் வேக் பொரஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியாயிற்று. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு சன்பெட்கள். ஒன்றில் புறஊதாக் கதிர் வரும். மற்றையதில் அது வடிகட்டப்பட்டிருக்கும். அடிக்கடி சன்பெட் பாவிக்கும் 14 பேர் ஆறு வாரங்களுக்குத் திங்களும் புதனும் இரண்டிலும் படுத்தனர். எது எதுவென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வெள்ளிக்கிழமை விரும்பினால் வரலாம், விரும்பியதில் படுக்கலாம். அந்த வெள்ளிக்கிழமைத் தெரிவுகள் 41. அவற்றுள் 39 தடவை தெரிவானது புறஊதாக் கதிர் வரும் படுக்கை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உடல் அறிந்திருக்கிறது. அதில் படுத்தெழுந்தால் மனம் இளகி அமைதியாக இருக்கிறது என்றனர்.

2006 இல் அதே குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். அபின், ஹெரோயின் போன்றவை மூளையில் பற்றிக்கொள்ளும் இடங்களை அடைக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். அடிக்கடி சன்பெட் பாவிக்கும் எட்டுப் பேரில் நால்வருக்குக் குமட்டலும் பதற்றமும் ஏற்பட்டன. அரிதாகப் பாவிப்போர் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. பதினாறு பேரை வைத்து உலகைப் பற்றிப் பேசமுடியாது என்பது உண்மைதான். ஆயினும் வினாக்கொத்து தரமுடியாத சாட்சியம் இது.

உடலுக்குள் நடப்பது என்ன? புறஊதாக் கதிர் பட்டதும் சருமக் கலங்களில் பி53 என்ற புரதம் விழித்து, ஒரு பெரும் புரதத்தை உற்பத்தி செய்விக்கிறது. அது துண்டாடப்படும்போது ஒரு துண்டு தோலைக் கறுக்கச் செய்யும் ஹோர்மோன். இன்னொரு துண்டு பீட்டா எண்டோர்பின், அதாவது உடல் தானே தயாரிக்கும் அபின். பொஸ்டனில் டேவிட் பிஷரின் ஆய்வுகூடம் 2007 இல் இதனை விளக்கியது. 2014 இல் அவர்களே, முதுகு மழித்த எலிகளை ஆறு வாரங்கள் புறஊதாக் கதிரில் வைத்தனர். புளோரிடா நண்பகல் வெயிலில் இருபது முப்பது நிமிடம் நிற்பதற்கு ஒப்பான அளவு. இரத்தத்தில் எண்டோர்பின் உயர்ந்தது. அபின் முறிப்பு மருந்தைக் கொடுத்ததும் எலிகள் நடுங்கின, பற்களை நறநறத்தன. அந்த மருந்து கிடைத்த அறைக்குள் நுழையவும் மறுத்தன. எண்டோர்பின் சுரக்காத வகை எலிகளுக்கு இவை எதுவும் நேரவில்லை. எலிக்கு அழகுணர்ச்சி இல்லை, கோகோ சனெலையும் தெரியாது. ஆனால் எலி மனிதனும் அல்ல. மனித இரத்தத்தில் எண்டோர்பின் உயர்வதாக 1983 இல் ஓர் அறிக்கை வந்திருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து, ஜேர்மனி ஆய்வாளர்கள் தேடியபோது அந்த உயர்வு அகப்படவில்லை.

இதற்கிடையே வினாக்கொத்துகளும் திருந்திக்கொண்டிருந்தன. 2010 இல் அமெரிக்காவில் 421 பல்கலைக்கழக மாணவரிடம் நடத்திய ஆய்வில், சன்பெட் பாவித்த 229 பேரில் 39.3 சதவீதத்தினர் ஓர் அளவுகோலிலும் 30.6 சதவீதத்தினர் மற்றையதிலும் அகப்பட்டனர். இவர்களிடையே மனப்பதற்றமும் மதுப்பழக்கமும் கூடுதலாகக் காணப்பட்டன. ஜோயல் ஹில்ஹவுசும் சகாக்களும் 2012 இல் வேறொரு வழியை நாடினர். தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லாமல், முகத்துக்கு முகம் கேட்டு, ஒவ்வொரு 'ஆம்' என்பதன் பின்னும் எப்போது, எவ்வளவு, அதனால் எதை இழந்தீர்கள் என்று குடைந்து கேட்கும் நேர்காணல். சன்பெட் பாவிப்போர் 296 பேரில் தவறான பாவனை 32 பேரிடம், அதாவது 10.8 சதவீதம், உண்மையான சார்பு 16 பேரிடம், அதாவது 5.4 சதவீதம். கல்வெஸ்டனில் கேட்கப்பட்டோர் வேறு, இவர்கள் வேறு. நேருக்குநேர் ஒப்பிடுவது முறையன்று. எனினும் கேட்பவர் ஒரு துணைக்கேள்வி கேட்டாலே எண் எவ்வளவு சுருங்குகிறது என்பதை, ஆயுள் முழுவதும் பேட்டியெடுத்தே பிழைத்தவன் என்ற வகையில் நான் வியப்பின்றிப் பார்க்கிறேன். அந்தப் பதினாறு பேரை நான் நம்புகிறேன். ஐம்பத்துமூன்று சதவீதத்தை நம்பவில்லை.

அடுத்த ஆண்டே, 2013 இல், மனநலக் கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு 'தவறான பாவனை', 'சார்பு' என்ற இரு பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டது. புதிய நேர்காணல் நின்ற தூண்களே பெயர்க்கப்பட்டன. சூதாட்டம் அப்பதிப்பில் அடிமைத்தன வகைக்குள் சேர்க்கப்பட்டது, வெயில் சேர்க்கப்படவில்லை.

சட்டம் இந்த அளவீடுகளுக்காகக் காத்திருக்கவில்லை. 2009 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சன்பெட்டைப் புகையிலையும் அஸ்பெஸ்டசும் உள்ள முதலாம் வகுப்பில் சேர்த்தது. முப்பது வயதுக்கு முன் பாவிக்கத் தொடங்குவோருக்கு மெலனோமா ஆபத்து 75 சதவீதம் கூடுகிறது என்றது. அதே ஆண்டில் பிரேசில் சன்பெட்டைத் தடைசெய்தது. அவுஸ்திரேலியாவில் வித்திட்டது கிளெயர் ஒலிவர் என்ற மெல்பேர்ண் யுவதி. மெலனோமாவால் இறந்துகொண்டிருந்தபோதே சொலாரியத்துக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதி, 2007 செப்டெம்பரில் 26 வயதில் மறைந்தவர். அவர் சொலாரியத்துக்குச் சென்ற தடவைகள் சொற்பமே; எந்த வினாக்கொத்திலும் அகப்பட்டிருக்க மாட்டார். வணிக சொலாரியங்கள் 2015 தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களிலும் 2016 இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் மூடப்பட்டன. அதன் பின்னர் விக்டோரியா மாநிலத்தில் வீடுகளுக்குள் இரகசியமாகச் சன்பெட் வைத்துப் பணம் வாங்கியோர் மீது சுகாதார அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. தடைக்குப் பின்னரும் அந்தக் கதவுகளைத் தட்டியவர்கள் யாரென்று எவரும் கணக்கெடுக்கவில்லை.