மோசே ஏன் அஞ்சினார்? கோல்ட்மன் நேர்காணல்கள்: ஒரு மறுவாசிப்பு

கிறித்தவத் தொடக்கப் பள்ளியில் வேதாகமக் கதைகளுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்ற விவாதம் எழும்போதெல்லாம், ரொனால்ட் கோல்ட்மன் 1964இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு தடைச்சான்றாக முன்வைக்கப்படுகிறது. சிறு குழந்தை கதையை நேர்ப்பொருளில் மட்டுமே பிடித்துக்கொள்ளும், சமயப் பொருள் அதற்கு எட்டாது. ஆகவே அவ்வயதில் அன்பு, நன்றி, பகிர்வு ஆகிய பண்புகளை அன்றாட அனுபவங்கள் வழியே வளர்த்தாலே போதும் என்பது அந்த ஆய்வை வழிமொழிவோரின் முடிவு. கோல்ட்மன் திரட்டிய சான்று இந்த முடிவைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

6 முதல் 17 வயது வரையிலான 200 மாணவர்களிடம் படங்களையும் மூன்று வேதாகமக் கதைகளையும் கொண்டு அவர் தனித்தனியே நேர்காணல் நடத்தினார். பதில்களைத் தரப்படுத்த உளவியலாளர் பியாஜேயின் சிந்தனைப் படிநிலைகளே அளவுகோல். செங்கடலைக் கடந்த கதையையும் இயேசு சோதிக்கப்பட்ட கதையையும் இங்கே விட்டுவிடுகிறேன். எரியும் முட்செடிக் கதையில் அவர் எழுப்பிய ஒரு கேள்வியே போதும்: கடவுளைப் பார்க்க மோசே ஏன் அஞ்சினார்?

பதில்கள் மூன்று படிகளில் அமைகின்றன. கடவுளிடம் மோசே மரியாதையாகப் பேசவில்லை, அதனால் பயந்தார் என்பது போன்ற பதில் கீழ்ப்படியில் வைக்கப்படுகிறது. நெருப்பு சுட்டுவிடும் என்று அஞ்சினார் என்பது நடுப்படி. கடவுளின் தூய்மைக்கு முன் தம் தகுதியின்மையை உணர்ந்தார் என்பது மேற்படி. காரண காரியத் தொடர்பை மட்டும் பார்த்தால் இந்த வரிசையில் குறை சொல்வதற்கில்லை. நெருப்பு சுடும், சுடுவதற்கு அஞ்சுவது இயல்பு. மரியாதைக் குறைவு என்பதோ கதையில் எங்கும் சொல்லப்படாதது.

ஆனால் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தின் நிகழ்வு வரிசையைக் கவனிக்க வேண்டும். எரிந்தும் கருகாத செடியைக் கண்ட மோசே விலகி ஓடவில்லை. அதைப் பார்க்கத் தாமாகவே நெருங்குகிறார். பிறகு பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்கிறது. கிட்ட வராதே, காலணியைக் கழற்று என்ற கட்டளை வருகிறது. பேசுபவர் தம் முன்னோரின் கடவுள் என்று தெரிந்த பிறகே அவர் முகத்தை மறைத்துக்கொள்கிறார். அச்சத்துக்குக் காரணம் நெருப்பு அன்று, பேசுபவர் யார் என்ற அறிவு. அப்படியானால் நடுப்படிப் பதில் கதைக்கு முரணானது. கீழ்ப்படிப் பதிலோ, சொல்லப்படாத ஒரு குற்றத்தை மோசே மேல் ஏற்றினாலும், அச்சத்தை இருவருக்கிடையிலான உறவில் வைக்கிறது. ஆன்மிக நோக்கில் அது மேற்படிக்கே நெருக்கமானது. அளவுகோல் இந்த நெருக்கத்தைக் காணவில்லை. விளக்கத் திறனை மட்டுமே அது அளந்தது.

காலணியைக் கழற்றி ஆலயத்துக்குள் நுழையும் வழக்கமுள்ள தமிழ்க் குழந்தைக்கு அக்கட்டளை புதிரன்று. இங்கிலாந்துக் குழந்தைக்கு அந்த வழக்கம் இல்லை. வணக்கத்தைச் சொல்ல அதன் கையில் இருந்த மொழி, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசு என்ற வீட்டு மொழிதான். ஒரு சிறு பதிலின் மேல் அதிகப் பாரம் ஏற்றக் கூடாது என்பது உண்மை. அந்தக் குழந்தை ஆசிரியரிடம் வாங்கிய கண்டிப்பை நினைத்திருக்கவும் கூடும். அப்போதும் அது செய்திருப்பது தன் அனுபவத்திலிருந்து கடவுளின் சந்நிதியை எட்டிப் பார்ப்பதே.

கோல்ட்மன் ஆராய்ந்தது சிந்தனையை மட்டுமே, உணர்வுக்கும் விளையாட்டுக்கும் அவர் இடம் விட்டிருக்கிறார் என்பர். சரிதான். அப்படியானால் சிந்தனை பற்றிய ஒரு முடிவை ஆன்மிகத் தகுதி பற்றிய தீர்ப்பாக்கியது பின்வந்தோரின் பிழை. வயது கூடக்கூடப் பதில்கள் சீராக உயர்கின்றனவே என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. வரிசை சீராக இருப்பதால் வரிசைப்படுத்தப்பட்டது எது என்பது தெளிந்துவிடாது.

டேவிட் ஹே, ரெபெக்கா நை இருவரும் 1998இல் வெளியிட்ட நூல், நாட்டிங்ஹாம், பர்மிங்ஹாம் தொடக்கப் பள்ளிகளில் 38 குழந்தைகளிடம் நிகழ்த்திய உரையாடல்களிலிருந்து, குழந்தையின் ஆன்மிகத்தை உறவுணர்வாக விளக்கியது: தன்னோடும் பிறரோடும் உலகோடும் கடவுளோடும் கொள்ளும் உறவு. இது என் வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் ஆன்மிகம் இயல்பான ஆற்றல் என்பதால் கதையும் வழிபாடும் தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவோரை நான் ஏற்கவில்லை. மரியாதை பற்றிப் பேசிய குழந்தைக்கு அந்தப் பேச்சைத் தந்தது முட்செடிக் கதைதான்.

இதன் வகுப்பறை விளைவு எளியது. ரோமில் 1954இல் சோஃபியா கவல்லெத்தி தொடங்கிய முறையும், அதன் வழியில் அமெரிக்காவில் ஜெரோம் பெரிமன் வளர்த்த முறையும் கதையைத் தொட்டு நகர்த்தும் உருவங்களோடு, அவசர விளக்கமின்றிச் சொல்கின்றன. பெரிமன் முறையில் கதைக்குப் பின் ஆசிரியர் கேட்பது ஒற்றை விடைக்கான கேள்வியன்று, வியப்பைப் பகிரும் கேள்வி.

இங்கிலாந்தின் 1988 கல்விச் சட்டம் மாணவரின் ஆன்மிக வளர்ச்சியை எல்லா அரசுப் பள்ளிகளின் கடமையாக வைத்தது. கிறித்தவப் பள்ளிக்கு அதற்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு: கதையைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தை தரும் பதிலைத் தரப்படுத்துமுன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியிலிருந்து வேதாகமத்தை விலக்க கோல்ட்மனின் ஆய்வை இனிச் சான்று காட்ட முடியாது.